விகாஸ்புரியில் எல்லாம் அமைதியா?

நுழையும்முன்

ஒரு நூலைப் படித்து முடித்ததும் ‘நன்று’ என்றோ ‘நன்றன்று’ என்றோ ஒரு சொல்லில் கூறிவிடுகிறோம். அச்சொல் நூலைப் பற்றியதா, அதைக் கூறுபவரைப் பற்றியதா? தில்லி மக்கள் தண்ணீருக்காகப் போரிடும் ஒரு காலத்தைப் படங்களாலும் சொற்களாலும் தீட்டிக் காட்டும் நூல் ஒன்று உண்டு. அதைப் படிப்போர் கூறும் கருத்துகளையும், அக்கருத்துகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

கேட்டுலகம் என்னும் புனைவு

குறையேதுமில்லாத நாட்டைக் கற்பனை செய்து காட்டுவது இலக்கியத்தில் பழைய வழக்கம். 1516-ஆம் ஆண்டு தாமஸ் மோர் என்னும் ஆங்கிலேய அறிஞர் அத்தகைய தீவு ஒன்றைப் பற்றி இலத்தீன் மொழியில் எழுதி, அதற்கு ‘உட்டோபியா’ எனப் பெயரிட்டார். கிரேக்க வேர்களின்படி அப்பெயருக்கு ‘எங்கும் இல்லாத இடம்’ என்பது பொருள். அதற்கு எதிரான சொல் பின்னரே பிறந்தது. 1868-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பேசுகையில், அயர்லாந்து நிலம் பற்றிய அரசின் கொள்கையை ஆதரித்தோரை அச்சொல்லால் சாடினார். அதன் வழிவந்த ‘டிஸ்டோபியா’ என்பதே இன்று, தீமைகள் முற்றிப்போன ஓர் உலகைப் புனைந்து காட்டும் கதைகளுக்கு வழங்கும் பெயராகும். இப்பாடத்தில் அதனைக் கேட்டுலகப் புனைவு என வழங்குவோம்.

தமிழுக்கு இவ்வுணர்வு புதிதன்று. இந்திர விழாவை மறந்தமையால் புகார் நகரைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறுகிறது. செழித்த நகரம் தன் கடமையை மறந்து அழிகிறது. அழிந்த பின்னரே மறந்தது எது என்று தெரிகிறது. காப்பியம் அதனை நடந்து முடிந்ததாகக் கூறும். இக்காலக் கேட்டுலகப் புனைவு இனி நடக்கவிருப்பதாகக் கூறும். வேறுபாடு அவ்வளவே.

நூலும் கதையும்

நாம் எடுத்துக்கொள்ளும் நூலின் பெயர் ‘ஆல் குவைட் இன் விகாஸ்புரி’. ‘விகாஸ்புரியில் எல்லாம் அமைதி’ என இதனைத் தமிழில் கூறலாம். கொல்கத்தாவில் பிறந்த சாரநாத் பானர்ஜி எழுதி வரைந்த இவ்வரைகலைப் புதினம் 2015-இல் வெளிவந்தது. 2004-இல் வந்த ‘காரிடார்’ என்னும் நூலால் ஆங்கில வாசகரிடையே முன்னரே அறியப்பட்டவர் இவர். பெரியோருக்கென எழுதப்பட்ட நூலாயினும் இதன் கதைப்பொருள் உங்களுக்கும் உரியதே.

தாம்பாபூர் என்பது ஒரு செம்பு ஆலையை நம்பி வாழும் ஊர். ஆலை தனியார் கைக்கு மாறி மூடப்படுகிறது. ஊர் பிழைப்பை இழக்கிறது. கிரீஷ் என்னும் குழாய்ப் பணியாளர் வேலை தேடித் தில்லிக்கு வருகிறார். அங்கே ரஸ்தோகி என்பவர், நிலத்தின் அடியில் சரசுவதி ஆறு மறைந்தோடுவதாகவும் அதனைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றும் கூறி அவரை வேலைக்கு அமர்த்துகிறார். கிரீஷ் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே செல்கிறார். வழியில் அவர் சந்திக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு. மேலே நகரத்திலோ, குடியிருப்புக்கும் குடியிருப்புக்கும் இடையே நீர்ப்போர் மூண்டிருக்கிறது.

பெயர்களைச் சற்று நின்று கவனியுங்கள். ‘விகாஸ்’ என்றால் வளர்ச்சி. ‘புரி’ என்றால் நகர். விகாஸ்புரி மேற்குத் தில்லியில் உண்மையாகவே உள்ள குடியிருப்பு. வளர்ச்சி நகரிலே குடிக்க நீரில்லை என்பது கதை. ‘தாம்பா’ என்பது இந்தியில் செம்பு. செம்பூரிலே செம்பு ஆலை இல்லாமற் போகிறது. நூலின் தலைப்பும் அவ்வாறே. முதல் உலகப்போரைப் பற்றி ஜெர்மானிய எழுத்தாளர் ரெமார்க் எழுதி 1929-இல் நூலாக வெளிவந்த புகழ்பெற்ற புதினத்தின் ஆங்கிலத் தலைப்பை இது நினைவூட்டுகிறது. அப்புதினத்தில், கதைநாயகன் இறந்துபட்ட நாளில் போர்முனையில் எல்லாம் அமைதி என்று படைத்தலைமை அறிவிக்கிறது. ‘அமைதி’ என்று ஒரு தலைப்புச் சொல்லும்போது, அதைச் சொல்பவர் யார் என்று கேட்கப் பழக வேண்டும்.

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகையாகப் பகுக்கிறது. குற்றத்தை வெளிப்படையாகக் கூறுவது முன்னது. மறைத்துக் கூறுவது பின்னது. எவரையும் நேரே பழிக்காமல், ஊர்ப்பெயர்களைக் கொண்டே பழியை உணர்த்தும் இந்நூல் பெரிதும் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

படிப்போர் கூறுவன

இந்நூலின் கதையும் சில பக்கங்களும் தார்நாகாவில் உள்ள ஒரு வகுப்பில் படிக்கப்பட்டன எனக் கொள்வோம். தார்நாகா ஆய்வகங்களும் பல்கலைக்கழகமும் சூழ்ந்த பகுதி. உருதுவில் ‘தார்’ கம்பியையும் ‘நாக்கா’ சாவடியையும் குறிக்கும்; கம்பிவேலி இட்ட சாவடி இருந்த இடம் என ஊரார் பெயருக்கு விளக்கம் கூறுவர். கேட்டுலகக் கதையைப் படிக்க இதனினும் பொருத்தமான பெயருடைய ஊர் கிடைப்பது அரிது! இவ்வகுப்பில் இருப்புப்பாதை ஊழியர் குடியிருப்பிலிருந்து வரும் மாணவரும் உளர். அடுக்ககங்களிலிருந்து வருவோரும் உளர். சந்தினுள் வாடகை வீட்டில் மேல்மாடியில் வாழ்வோரும் உளர்.

முதலில் எழும் கருத்து நூலின் வடிவைப் பற்றியதாகவே இருக்கும். ‘படக்கதை எப்படிப் புதினம் ஆகும்? சிறுவயதில் படித்து முடித்துவிட்டோமே!’ என்பர் சிலர். சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்த பெற்றோரும் இவ்வாறே கேட்கக்கூடும். இதற்கு விடை கூற நெடுநேரம் வேண்டியதில்லை. யூதப் படுகொலையைப் படக்கதையாக எழுதிய ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசைப் பெற்றது. துன்பத்தைச் சொல்லப் படக்கட்டம் போதாது என்னும் வாதம் அத்துடன் வலுவிழந்தது. படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே வெற்றிடம் உண்டு. அங்கே என்ன நடந்தது என்பதைப் படிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். வேகமாகப் பக்கத்தைப் புரட்டுபவர் பாதிக் கதையைப் படிக்காமல் விடுகிறார்.

‘கதை ஓரிடத்தில் நில்லாமல் கிளைக்கிறது’ என்பது அடுத்த கருத்து. இதில் உண்மை உண்டு. கிளைக்கதைகள் மிகுதியாதலின் கிரீஷைச் சில இடங்களில் நாம் மறந்தே போகிறோம். இது ஆசிரியரின் இயல்பு என்பர் அவருடைய பிற நூல்களைப் படித்தோர். இயல்பு என்பதனாலேயே குறை நிறையாகிவிடாது. எனினும், மண்ணுக்குள் இறங்குபவன் கதை நேர்கோட்டில் செல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் பொருந்தாது.

‘துன்பமான செய்தியைச் சொல்லும் நூல் ஏன் நம்மைச் சிரிக்க வைக்கிறது?’ என்பது வேறொரு மாணவியின் கேள்வியாகலாம். இது நல்ல கேள்வி. விடையும் அவளே கண்டறியத்தக்கது: எந்தப் பக்கத்தில் சிரித்தோம் என்று திரும்பிப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே நமக்குத் தெரிந்த எவரோ ஒருவரின் சாயல் இருக்கும்.

ஒரே பக்கம், இரு தீர்ப்பு

மேற்கூறியவை எளிதில் தீரக்கூடிய கருத்து வேறுபாடுகள். தீராதது ஒன்று உண்டு. நீர்ப்போர்ப் பகுதியைப் படித்த ஒரு மாணவன், ‘இது மிகை. நகரமக்கள் தண்ணீருக்காகப் போரிட மாட்டார்கள்’ என்கிறான். அதே பகுதியைப் படித்த இன்னொருத்தி, ‘இதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? எங்கள் தெருவில் நடப்பதுதானே!’ என்கிறாள். இருவரும் ஒரே வகுப்பு; ஒரே பக்கத்தைப் படித்தவர்கள்; இருவருமே நன்கு படிப்பவர்கள். ஏன் இந்த வேறுபாடு?

அவன் வாழும் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணறு உண்டு. நிலத்தடித் தொட்டி உண்டு. குழாய்நீர் குறைந்தால் டேங்கர் வந்து நிரப்பிவிட்டுச் செல்லும். அவ்வளவும் அவன் உறங்கும்போதே முடிந்துவிடுகிறது. குழாயைத் திறந்தால் நீர் வரும் என்பதற்கு மேல் அவன் அறிய வேண்டிய தேவை எழவில்லை. அவளுக்கோ தண்ணீர் என்பது நேரம். ஐதராபாத்தின் பெரும்பாலான பகுதிகளில் குழாய்நீர் ஒருநாள் விட்டு ஒருநாளே வரும். வரும் நாளில் குடங்களையும் வாளிகளையும் நிரப்பி மேல்மாடிக்கு ஏற்றிய பின்னரே அவள் பள்ளிக்குப் புறப்படுகிறாள். ஒரு குடத்துக்காக இரு வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டதை அவள் கண்டிருக்கிறாள். ஆசிரியர் வரைந்த போரில் அவளுக்குப் புதுமை ஏதும் தெரியவில்லை. போர்க்கோலம் மட்டுமே புதிது.

இங்கே ஒன்றை உறுதியாகக் கூறலாம். கேட்டுலகப் புனைவைப் ‘புனைவு’ என்று கூற ஒருவருக்கு வசதி வேண்டும். வீட்டில் குழாய் ஒழுங்காக ஓடுபவர் அதனை எதிர்காலம் என்கிறார்; ஓடாதவர் அதனை நாட்குறிப்பு என்கிறார். ஆகவே இத்தகைய நூலைப் பற்றிய கருத்தைக் கேட்கும்போது, கருத்தை மட்டும் கேட்டால் போதாது. கூறுபவர் எங்கே நின்று படித்தார் என்றும் கேட்க வேண்டும்.

இதனால் முதல் மாணவனின் கருத்து தவறு எனத் தள்ளிவிடுவதும் முறையன்று. ‘மிகை’ என்று அவன் கூறியது இலக்கியம் பற்றிய ஒரு கணிப்பு. அதற்கு அவன் சான்று காட்டலாம். போரிடும் குடியிருப்புகளை ஆசிரியர் கேலிச்சித்திரமாக்கிவிட்டதால், உண்மையில் நீருக்குத் தவிப்போரின் முகம் தெளிவாகத் தெரியவில்லை என்று அவன் எழுதுவானாயின், அது எண்ணிப் பார்க்கத்தக்க குறையே. ‘நடக்காது’ என்று மட்டும் எழுதுவானாயின், அது நூலைப் பற்றிய கருத்து ஆகாது.

நடந்தவை

நடக்காது என்பதற்கு எதிரான சான்றுகள் தொலைவில் இல்லை. நூல் வெளிவந்த அடுத்த ஆண்டு, 2016 பிப்ரவரியில், அரியானாவில் இடஒதுக்கீட்டுக் கிளர்ச்சி மூண்டபோது முனக் கால்வாய் சேதப்படுத்தப்பட்டது. தில்லிக்கு வரும் நீரின் பெரும்பகுதி அவ்வழியே வருவது. தலைநகரில் நீர்வழங்கல் தடைப்பட்டது. பிப்ரவரி 22 அன்று பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர் இதனை முன்னறிந்து எழுதினார் என்று கூறுதல் பிழை. கால்வாய் ஒன்றை நம்பி ஒரு பெருநகரம் வாழ்கிறது என்பதை அவர் கவனித்திருந்தார், நாம் கவனிக்கவில்லை.

அதே 2016 கோடையில் ஐதராபாத்துக்கு நீர் தரும் சிங்கூர், மஞ்சீரா, உஸ்மான் சாகர், இமாயத் சாகர் ஆகிய நீர்த்தேக்கங்கள் வறண்டன. இவற்றுள் பின்னிரண்டின் வரலாறு நினைக்கத்தக்கது. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரின் ஒரு பகுதியை அழித்தது. அதன் பின்னர் விசுவேசுவரய்யாவின் திட்டப்படி, வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் தரவும் எழுந்தவையே 1920-இல் முடிந்த உஸ்மான் சாகரும் 1927-இல் முடிந்த இமாயத் சாகரும். நீர் மிகுந்து அழிந்த நகரம் கட்டிய ஏரிகள், நீர் குறைந்து வெறுமையாயின. அந்தக் கோடையில் நகரைக் காத்தவை நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து குழாய்வழி ஏற்றிக் கொண்டுவரப்படும் கிருட்டிணை, கோதாவரி நீரே. தார்நாகாவில் குழாயைத் திறப்பவர் எந்த ஆற்றைத் திறக்கிறோம் என்று எண்ணுவதில்லை.

தமிழ்நாட்டிலும் இதனைக் கண்டோம். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. உணவகங்கள் சில மதிய உணவை நிறுத்தின. சில நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்தே பணிபுரியச் சொல்லின. சூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் நீர் ஏற்றிய தொடர்வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நகரின் தேவையில் அது மிகச் சிறுபங்கு. ஆயினும், தண்ணீர் தொடர்வண்டியில் வந்திறங்கும் அக்காட்சியை ஒரு வரைகலைப் புதினத்தில் கண்டிருந்தால் ‘மிகை’ என்றே நாம் கூறியிருப்போம்.

இன்னொரு பக்கத்தையும் கூறவேண்டும். 2018 சூனில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை ஒன்று, தில்லி, பெங்களூரு, சென்னை, ஐதராபாத் உள்ளிட்ட 21 நகரங்களில் நிலத்தடி நீர் 2020-க்குள் தீர்ந்துவிடும் என்றது. 2020 வந்தது, அவ்வாறு எல்லாக் கிணறுகளும் வற்றிவிடவில்லை. ஆண்டு குறித்துச் சொன்ன எண் பிழைத்தது. எண்ணால் கூறப்படும் கணிப்பை எண்ணால் சரிபார்க்கலாம்; சரிபார்க்கவும் வேண்டும். புனைவை அவ்வாறு சரிபார்ப்பதில்லை. ‘நீங்கள் சொன்னது நடந்ததா?’ என்று பானர்ஜியைக் கேட்பது பொருளற்றது. ‘நீங்கள் வரைந்ததை நாங்கள் முன்பே கண்டிருக்கிறோமா?’ என்பதே அவரிடம் கேட்கத்தக்கது.

கீழே தேடிய ஆறு

இந்நூலில் என்னை மிகவும் எண்ண வைத்தது போரன்று, தேடல். கிரீஷ் தேடுவது தொன்மத்தில் வாழும் ஒரு நதி. 2015-ஆம் ஆண்டிலேயே அரியானாவின் யமுனாநகர் மாவட்டத்தில் முகல்வாலி என்னும் ஊரில் மண் அகழ்ந்தபோது நீர் கசிய, சரசுவதி கிடைத்துவிட்டது எனப் பலர் மகிழ்ந்தனர். ஆய்வும் நம்பிக்கையும் கலந்த அப்பேச்சின் முடிவு நம் பாடத்துக்கு உரியதன்று. ஆனால் தில்லியின் நடுவே கண்முன் ஓடும் ஆறு யமுனை. வசீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர். ஆற்றின் முழு நீளத்தில் அது 2 விழுக்காடு அளவே. யமுனையில் சேரும் மாசின் பெரும்பகுதி அச்சிறு நீளத்திலேயே சேர்கிறது. இல்லாத ஆற்றைத் தேடி ஒருவர் கீழே இறங்க, இருக்கும் ஆற்றின்மேல் நுரை மிதக்கிறது. மூசிக்கரையில் வாழும் நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

நூல் இதனை நேரே கூறுகிறதா என்று கேட்பீர்கள். இது நான் படித்துக்கொண்ட பொருள். நீங்கள் வேறு பொருள் கொள்ளலாம்; கொள்ளும்போது எந்தப் பக்கம் உங்களை அங்கே அழைத்துச் சென்றது என்று குறிப்பிடுங்கள்.

சொல்லும் பொருளும்

அங்கதம் – குற்றத்தை எள்ளி உணர்த்தும் பேச்சு அல்லது எழுத்து
தொன்மம் – வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் பழங்கதை
கரத்தல் – மறைத்தல்
மிகை – அளவுக்கு மேற்பட்டது

எண்ணி எழுதுக

1. ‘விகாஸ்புரி’, ‘தாம்பாபூர்’ என்னும் பெயர்களில் அமைந்த முரணை விளக்குக. உங்கள் பகுதியில் இத்தகைய முரண் தோன்றும் பெயர் உண்டாயின் அதனையும் எழுதுக.

2. நீர்ப்போர்ப் பகுதியைப் பற்றி இரு மாணவர் கூறிய கருத்துகளுள் எது நூலைப் பற்றியது, எது கூறுபவரின் வாழ்வைப் பற்றியது எனப் பிரிக்க இயலுமா? இயலாதெனில் ஏன் என்று எழுதுக.

3. கணிப்பு, புனைவு ஆகிய இரண்டையும் மதிப்பிடும் முறை எவ்வாறு வேறுபடுகிறது?

செயல்பாடு

உங்கள் வீட்டுக்கு நீர் எந்த நாளில், எந்த நேரத்தில் வருகிறது, எந்த ஆறு அல்லது ஏரியிலிருந்து வருகிறது, அதனை நிரப்பி வைப்பவர் யார் என்பதை வீட்டாரிடம் கேட்டு அறிந்துகொள்க. அதனை நான்கு படக்கட்டங்களாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு தொடர் எழுதுக. உங்கள் நோட்டை அருகில் அமர்ந்திருப்பவரிடம் கொடுத்து, அவர் கருத்தை ஐந்து வரிகளில் எழுதித் தரச் சொல்லுக.